வளைவுப் படியும் மூலைப் படியும்

வெள்ளிக்கிழமையில் ஒடுகத்தூருக்குக் கிளம்பியது என் தப்புதான். அன்றைக்கு ஆட்டுச் சந்தை. மலையிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் ஆடு ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்க, பஸ் ஊருக்குள் ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆனால் அக்கா மகன் முதல் நாள் இரவு போனில் சொன்னதைக் கேட்ட பிறகு சனிக்கிழமை வரை பொறுத்திருக்க முடியவில்லை.

"மாமா, திங்கட்கிழமை சென்ட்ரிங் அடிக்கிறாங்க. ஹால்ல வளைஞ்சி ஏற்ற மாதிரி படி வைக்கிறோம். மேஸ்திரி சூப்பரா பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டாரு. நீங்க ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போனா நல்லாருக்கும்."

அவன் ராணுவத்தில் இருபத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போயிருப்பார்கள், உங்களுக்கே தெரியும். வந்த பணத்தில் ஊரில் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தான். கீழ், மேல் இரண்டே தளம். வரைபடத்துக்கு அனுமதி வாங்கும்போது நான்தான் கூட இருந்தேன். அதில் இருந்தது சாதாரணமான, பாதியில் திரும்புகிற நேர்ப்படி. அது எப்போது வளைந்தது என்று எனக்குத் தெரியாது.

ஏன்டா இப்படி என்று கேட்டேன். "வாழ்க்கை பூரா பாரக்ஸ்லயே இருந்துட்டேன் மாமா. எல்லாமே நேர்க்கோடு. வீட்டுல ஒரே ஒரு வளைவு இருந்துட்டுப் போகட்டுமே" என்றான். இதற்கு என்ன பதில் சொல்வது? அவன் மனைவி வேறு பக்கத்தில் நின்று சிரித்தாள். நம் காலத்துச் சினிமாவில் பணக்காரர் வீடு என்றால் ஹாலின் நடுவே ஒரு வளைந்த மாடிப்படி இருந்தாக வேண்டும். பட்டு கவுன் போட்ட அப்பா அதில் இறங்கி வந்து ஏழைக் காதலனை வெளியே போகச் சொல்வார். அந்தப் படியின் மேல் எனக்கும் ஓர் ஆசை இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நான் அரசு அலுவலகத்தில் வரைவாளராக முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். என்ஜினீயர் இல்லை. கணக்குப் போடுகிறவர்கள் வேறு. அதைத் தாளில் கோடாக்குகிறவர்கள் நாங்கள். ஆனால் படி வரைவது எங்கள் கைக்குப் பழகிய வேலை. காலை வைக்கிற அகலத்தை ட்ரெட் என்போம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுகிற உயரம் ரைசர். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் படியில் ஏறுகிறவனுக்குப் படி இருப்பதே தெரியாது.

மேஸ்திரி நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். அட்டைக் காகிதத்தில் படம் போட்டு வைத்திருந்தார். அரைவட்டம். உள் ஆரம் ஒன்றரை அடி, படியின் அகலம் மூன்று அடி, ஆக வெளி ஆரம் நாலரை அடி. தரைக்கும் மேல்தளத்துக்கும் உயரம் பத்தடி ஏழரை அங்குலம். ஏழரை அங்குல ரைசராகப் பதினேழு. நடுவில் தட்டு கிடையாது. ஒரே மூச்சில் மேலே போய்விடும்.

"ட்ரெட் எவ்ளோ வருது மேஸ்திரி?"

"பத்தரை இன்ச்சு சார். தாராளமா வருது."

பத்தரை அங்குலம் என்றால் 265 மில்லிமீட்டருக்கு மேல். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடுகிற தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, வீட்டுப் படிக்கு ட்ரெட் 250-க்குக் குறையக் கூடாது, ரைசர் 190-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. இவர் ரைசர் 190-க்கு அரை மில்லி கூட, அதை விட்டுவிடலாம். ட்ரெட்டும் பாஸ். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது.

எங்கே அளந்தீர்கள் என்று கேட்டேன். சுவரோரத்தைக் காட்டினார்.

அங்கேதான் விஷயம். நேர்ப்படியில் ட்ரெட்டை எங்கே வைத்து அளந்தாலும் ஒரே அளவு. வளைவுப் படியில் ஒவ்வொரு படியும் விசிறி மாதிரி. வெளியே அகலம், உள்ளே போகப்போகக் குறுகல். அதே படியை நான் மூன்று இடத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சுவரோரம் பத்தரை அங்குலம். உட்பக்கக் கைப்பிடியிலிருந்து ஓர் அடி தள்ளி அளந்தால் ஆறு அங்குலத்துக்கும் ஒரு நூல் குறைவு. உள்விளிம்பில் மூன்றரை அங்குலம். ஒரு டீ கிளாஸை வைத்தால் நிற்கும்; கால் நிற்காது.

"சார், ஜனங்க அகலமான பக்கம்தான நடப்பாங்க?" என்றார் மேஸ்திரி. நியாயமான கேள்வி.

இதற்கு பதில் சொல்ல எனக்குப் பழைய கதை ஒன்று தெரியும். அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

1988-ல் எங்கள் அப்பா, அதே ஒடுகத்தூரில், ஓட்டு வீட்டின் பின்கட்டைப் பிரித்து மாடி போட்டார். எனக்கு முப்பத்திரண்டு வயது. வீட்டிலேயே வரைகிறவன் இருக்கும்போது வெளியே போவானேன்? நான்தான் வரைந்தேன். அப்பாவுக்கு நிலக்கடலை மூட்டை அடுக்க ஓர் அறை வேண்டும். படி நேராகப் போனால் அந்த அறைக்கு மூன்று அடி குறைந்துவிடும். அதனால் மூலையில் படியைத் திருப்பினேன். சதுரத் தட்டு வர வேண்டிய இடத்தில் மூன்று முக்கோணப் படிகள். அலுவலகத்தில் இதை விண்டர் என்போம். மூன்றடிச் சதுரத்துக்குள் மூன்று படி ஏறிவிடலாம், இடம் மிச்சம். அப்பாவுக்கு மகா திருப்தி. 'பையன் மூளையப் பாரு' என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார்.

முக்கோணத்தின் கூர் முனையில் அகலம் பூஜ்ஜியம். அங்கிருந்து ஓர் அடி தள்ளி ஆறேகால் அங்குலம். அலுவலக அலமாரியில் நெறித்தொகுப்பின் 1983 பதிப்பு இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் படி வரையும்போது அதைப் புரட்டாமல் பென்சிலைத் தொட்டதில்லை. அம்மா ஏறி இறங்குகிற படிக்கு அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. நம் வீடுதானே.

அம்மாவுக்கு மாடி மிகவும் பிடிக்கும். ஓட்டு வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்தவள் முதல் முறையாக ஜவ்வாது மலையை ஒரு மறைப்பும் இல்லாமல் பார்த்தது அந்த மொட்டை மாடியிலிருந்துதான். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஏறிவிடுவாள். மலையில் எங்கே மழை இறங்குகிறது, நாளைக்கு ஆற்றில் தண்ணீர் வருமா என்று பார்த்துச் சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

1997 பிப்ரவரியில், காயவைத்த புளியை முறத்தில் எடுத்துக்கொண்டு இறங்கியவள் அந்த மூலையில் விழுந்தாள். எனக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. இடுப்பு எலும்பு முறிவு. வேலூரில் ஆபரேஷன். பிறகு வாக்கர். இன்னும் ஆறு வருஷம் இருந்தாள். மாடிக்கு மட்டும் அதன் பிறகு ஏறவே இல்லை.

பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அவள் சொன்னது ஒன்றே: "கவனமில்லாம எறங்கிட்டேன், கால் இடறிடுச்சி." யாரும் படியைக் குறை சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை, அக்கா சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்த வாரம் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் படியை அளந்தேன். இரண்டு கையிலும் முறத்தைப் பிடித்தவள் சுவரோரமாகத் தோளைச் சாய்த்து இறங்கவில்லை. சின்ன வழி எதுவோ அந்த வழியில், உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறாள். எல்லாரும் அப்படித்தான் திரும்புவோம். சிந்திக் கிடந்த புளியின் கறை இரண்டாம் முக்கோணத்தில் கூர்முனைப் பக்கமாகவே இருந்தது.

இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

சரி, மேஸ்திரி கேள்விக்கு வருவோம். வாயால் வாதாடினால் வேலைக்கு ஆகாது என்று, நாலு பேரைக் கூப்பிட்டு ஹால் தரையைப் பெருக்கச் சொன்னேன். கீழ்த்தளத்தில் கான்கிரீட் போட்டு வெறும் தரையாக இருந்தது. ஓர் ஆணி அடித்து, கயிறு கட்டி, மேஸ்திரி படத்தில் இருந்த அதே ஒன்றரை அடிக்கும் நாலரை அடிக்கும் சாக்பீஸால் இரண்டு அரைவட்டம் போட்டோம். பதினாறு ட்ரெட்டையும் கோடு கிழித்தோம். படி தரையில் படுத்துக் கிடந்தது. உள்வட்டத்தில் கைப்பிடி வேண்டுமே. இரண்டு பையன்கள் ஒரு சவுக்குக் கம்பை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு அவள் கூடவே நகர வேண்டும் என்று ஏற்பாடு.

அவள் என்றால் அக்கா. எழுபத்தாறு வயது. பக்கத்தில் வாடகை வீட்டிலிருந்து அழைத்து வந்தோம். ஒரு அன்னக்கூடை நிறையத் தண்ணீர் வைத்து, காலை நனைத்துக்கொண்டு கோட்டுக்குள் படிப்படியாக நட என்றேன்.

"இன்னாடா இது, பாண்டி ஆட்டமா?" என்றாள். ஆனாலும் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நடந்தாள்.

ஈரக் கால்தடம் காய்வதற்குள் டேப்பை வைத்தேன். உள்கோட்டிலிருந்து பாதத்தின் நடு வரைக்கும்: பன்னிரண்டு அங்குலம், பதினொன்று, பதிமூன்று, மறுபடி பன்னிரண்டு. கைப்பிடியைப் பிடிக்கிறவர்கள் கைப்பிடியை விட்டு அதற்கு மேல் தள்ளிப் போக முடியாது. கை அவ்வளவுதான் நீளும். தடம் ஒவ்வொன்றிலும் விரல்கள் கோட்டைத் தாண்டி அடுத்த படியில் இருந்தன. நிஜப் படியாக இருந்தால் அந்த விரல்களுக்குக் கீழே ஒன்றும் இருந்திருக்காது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு தானும் ஒரு தடவை நடந்தார். அவருக்கு இன்னும் பெரிய கால். "தப்புதான் சார், மாத்திடலாம்" என்றார். வேலை தெரிந்தவர்கள் இப்படித்தான். கண்ணால் கண்டால் போதும்.

அந்தப் பன்னிரண்டு அங்குலம் நான் கண்டுபிடித்தது இல்லை. சில வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது பொழுது போகாமல் அவர்கள் ஊர்க் கட்டட விதிகளைப் புரட்டினேன். இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட் என்று ஒன்று, வீடுகளுக்கென்றே எழுதியது. வளைந்து திரும்பும் படிகளுக்கு, உட்பக்கத்திலிருந்து 12 அங்குலம் தள்ளி ஒரு நடைக்கோடு வரைந்துகொள், அந்தக் கோட்டில் ட்ரெட் 10 அங்குலம் இருக்க வேண்டும், எந்த இடத்திலும் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. படித்ததும் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். மூடினாலும், ஆறேகால் என்ற எண் கண்ணை விட்டுப் போகவில்லை.

நம் நெறித்தொகுப்பின் 250 மில்லியும் அவர்கள் 10 அங்குலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை எங்கே அளப்பது என்பதில்தான் ஓர் இடுப்பு எலும்பு இருக்கிறது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து புதுக் கணக்குப் போட்டோம். உயரம் 3,240 மில்லி. பதினெட்டு ரைசராகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 180. வயசானவர்களுக்கு அந்த அரை அங்குலக் குறைவு முழங்காலில் தெரியும். அடுத்தது ட்ரெட். பிரான்ஸில் ப்ளோந்தெல் என்றொரு கட்டடக் கலை ஆசிரியர் 1675-ல் எழுதி வைத்த கணக்கு இன்றைக்கும் ஓடுகிறது: இரண்டு ரைசரும் ஒரு ட்ரெட்டும் சேர்ந்தால் ஒரு மனிதனின் ஓர் எட்டு. அவர் 24 அங்குலம் என்றார். அந்தக் காலத்துப் பிரெஞ்சு அங்குலம் நம்முடையதைவிடக் கொஞ்சம் பெரிது. எங்கள் அலுவலகத்தில் 600-லிருந்து 640 மில்லிக்குள் வைப்போம். 180-ம் 180-ம் 360. ட்ரெட் 260 வைத்தால் 620. நடுவாக உட்கார்ந்தது. மேஸ்திரியின் பழைய படி, அக்கா நடந்த கோட்டில், 530-தான் வந்தது. குழந்தை நடை.

பதினெட்டு ரைசரையும் ஒரே ஓட்டமாக விட முடியாது. ஓர் ஓட்டத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது நெறித்தொகுப்பு. ஆகவே ஒன்பது ஏறியதும் ஒரு தட்டு, அதற்கப்புறம் ஒன்பது. கீழ் ஒன்பது மட்டும் வளைவு, கால்வட்டம். தட்டுக்கு மேல் சுவரோரமாக நேர்ப்படி.

இங்கேதான் மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. "நடுவுல தட்டு வந்தா வளைவு உடைஞ்சி போகுதே மாமா."

"உடையட்டும்டா. மேல இருந்து கால் தவறினா தட்டு வரைக்கும்தான் விழுவோம்."

"ஒரு தூண் கூட இல்லாம ரெண்டு சுத்து சுத்துற படி எல்லாம் போன்ல காட்றாங்க மாமா."

அவன் காட்டியது எனக்குத் தெரிந்த படிதான். அமெரிக்காவில் சான்டா ஃபே என்ற ஊரில் லொரெட்டோ தேவாலயத்தில் இருப்பது. மரத்தால் ஆனது, முப்பத்து மூன்று படி, இரண்டு முழுச் சுற்று, நடுவில் தூண் இல்லை. 1880-ஐ ஒட்டிக் கட்டியது. அதிசயம் என்றே சொல்கிறார்கள். ஆனால் அதற்கு முதலில் கைப்பிடியே கிடையாது. இறங்கப் பயந்து சிலர் தவழ்ந்து இறங்கினார்கள் என்று கதை உண்டு. சில வருஷம் கழித்து வேறு ஒருவரை வைத்துத்தான் கைப்பிடி போட்டார்கள். "அதிசயத்தை வேணும்னா பாத்துட்டு வா, உங்கம்மா அதுல எறங்க வேணாம்" என்றேன். சிரித்துவிட்டான். பட்டாளத்துக்காரன், உத்தரவு என்று தெரிந்தால் மேலே பேச மாட்டான்.

கால்வட்டத்தில் எட்டு ட்ரெட். நடைக்கோட்டில் 260 வீதம் 2,080 மில்லி. அதற்கு நடைக்கோட்டின் ஆரம் 1,325 வர வேண்டும். உள்ளே 300 கழித்தால் உள் ஆரம் 1,025. படியின் அகலம் நெறித்தொகுப்புப்படி ஒரு மீட்டர்; ஆக வெளி ஆரம் 2,025. உள்விளிம்பில்கூட 200 மில்லி, எட்டு அங்குலம் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை. மேஸ்திரியின் அரைவட்டத்தில் பதினாறு ட்ரெட், என்னுடைய கால்வட்டத்தில் எட்டு. ஒவ்வொரு படியும் திரும்புகிற கோணம் இரண்டிலும் ஒன்றே, பதினொன்றேகால் டிகிரி. ஆணியை இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளி அடித்ததுதான் வித்தியாசம்.

அந்த இரண்டடிக்கு விலை இல்லாமல் இல்லை. வளைவு, தட்டு, நேர்ப்படி எல்லாம் சேர்ந்து சுவர் நீளத்துக்குப் பதினாறே முக்கால் அடியை விழுங்கிவிட்டது. ஊஞ்சல் மாட்ட வைத்திருந்த இடம் போயிற்று. அக்கா மருமகள் அந்த ஊஞ்சலுக்குச் சங்கிலிகூட வாங்கி வைத்திருந்தாள். ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்றவள், "அத்தை கால் முக்கியம்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

இன்னொரு சிக்கல் தலைக்கு மேலே. படிக்கு மேல் தலை இடிக்காமல் 2.2 மீட்டர் இருக்க வேண்டும். ஸ்லாப் கனம் ஆறு அங்குலம் போக, அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 3,090 மில்லியில் நிற்கும். ஐந்தாவது படியில் நிற்கிறவர் 900 உயரத்தில் இருப்பார். தலைக்கு மேல் மிச்சம் 2,190. ஆக ஐந்தாம் படியிலிருந்தே மேலே ஸ்லாப் இருக்கக் கூடாது. மேஸ்திரி விடுவதாக இருந்த திறப்பு இதற்குப் போதாது. திங்கட்கிழமை சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் போட்டிருந்தால் அப்புறம் உடைத்துத்தான் இருக்க வேண்டும். நான் சந்தைக் கூட்டத்தில் நெரிந்து வந்ததற்கு இந்த ஒன்றுக்காகவாவது பலன் கிடைத்தது.

கம்பி விஷயத்தில் நான் கை வைக்கவில்லை. நேர்ப்படி வளைய மட்டும்தான் பார்க்கும்; வளைவுப் படி முறுக்கவும் பார்க்கும், ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. அதற்கு மேலும் கீழும் கம்பி, சுற்றி வளையம் எல்லாம் கணக்காக வேண்டும். வேலூரில் எனக்குத் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரிடம் அனுப்பி, படம் போட்டுக் கையெழுத்து வாங்கச் சொன்னேன். பத்து நாள் தாமதம். சென்ட்ரிங் ஆட்களுக்கு அந்தப் பத்து நாளும் வேறு வேலை பார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சிலர் கேட்கலாம், இவ்வளவு பாடு எதற்கு, யார் வந்து அளக்கப் போகிறார்கள் என்று. உண்மை. 2024 ஜூலையிலிருந்து நம் மாநிலத்தில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால் சுயசான்றிதழ் போதும். ஆன்லைனில் அப்போதே அனுமதி. விதிப்படி கட்டுவேன் என்று வீட்டுக்காரரே உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார். நல்ல ஏற்பாடுதான், அலைச்சல் இல்லை. ஆனால் முன்பு வரைபடத்தைப் பார்த்து ஓர் அதிகாரி சிவப்பு மையில் சுழிப்பாரே, அந்தச் சிவப்பு மையும் இப்போது நம் கையில்தான் இருக்கிறது. படி வளைந்தது தெரிந்தவுடன் மாப்பிள்ளையை நான் முதலில் கேட்டதும் இதுதான்: நீ கையெழுத்துப் போட்ட படத்தில் இருப்பது வேற படி இல்லையா? திருத்திய படத்தைப் பதிவேற்றிய பிறகுதான் கான்கிரீட் போட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் புதுக் கோட்டில் அக்காவை மறுபடி நடக்க வைத்தோம். தடம் முழுதாகக் கோட்டுக்குள் அடங்கியது. எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் தட்டு வரப்போகிற சாக்பீஸ் சதுரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பழைய வீட்டு மூலைப் படி மாதிரி இல்லடா இது" என்றாள்.

நான் பேசவில்லை.

"அம்மா எறங்கறப்போ எப்பவும் அந்த எடத்துல ஒரு கையால செவுத்தப் புடிச்சிக்குவா. அன்னிக்கு ரெண்டு கையிலயும் முறம்."

அப்போது சொன்னேன். இருபத்தெட்டு வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னேன். ஆறேகால் அங்குலம், அலமாரியில் இருந்த புத்தகம், கடலை மூட்டை அறை, புளிக் கறை எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டே ஈரமாக இருந்த பாதத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும்டா" என்றாள். "ஆஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொன்னா. படி சரியில்லன்னு அவங்கிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது, அப்புறம் அவன் பென்சிலே புடிக்க மாட்டான்னு."

பிறகு, எழுந்திருக்கக் கை நீட்டினாள். தூக்கிவிட்டேன்.

மீதி வேலையை மேஸ்திரி அருமையாகச் செய்தார். வளைவுக்கு அடியில் ப்ளைவுட்டை அப்படியே வளைக்க முடியாமல், குறுகிய பலகைகளை விசிறி மாதிரி வெட்டி அடுக்கினார். அது அவர் யோசனை, எனக்குத் தோன்றியிருக்காது. ஒன்று மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். கான்கிரீட் படி எல்லாம் ஒரே உயரத்தில் அமைந்த பிறகு, கீழ்த் தரையில் இரண்டு அங்குலத்துக்கு டைல்ஸ் ஏறும், படியின் மேல் கலவையும் கிரானைட்டும் ஒன்றரை அங்குலம் ஏறும், மாடியில் வேறு கனம் வரும். இதை முன்கூட்டிக் கழிக்காவிட்டால் முதல் படியும் கடைசிப் படியும் மற்றதோடு ஒட்டாது. நடுவில் பதினாறு படியைக் கால் மனப்பாடம் பண்ணிக்கொள்ளும். பதினேழாவது அரை அங்குலம் கூடினால் அங்கேதான் இடறும். படிக்குப் படி வித்தியாசம் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது மூன்று நூலைத் தாண்டக் கூடாது என்று அந்த அமெரிக்க விதி சொல்கிறது. மேஸ்திரி அடையாளக் குச்சி ஒன்று வெட்டி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் படி மட்டும் நாலு நூல் கூடியிருந்தது. நான் சொல்வதற்கு முன்பே ஆளை விட்டுக் கொத்தச் சொல்லிவிட்டார்.

கிரானைட்டுக்கு மெருகு வேண்டாம் என்றதில் மருமகளோடு கொஞ்சம் வாக்குவாதம். முன்விளிம்பில் மட்டும் சொரசொரப்பாக இரண்டு கோடு வெட்டுவது என்று சமாதானம் ஆயிற்று. விளக்குக்குக் கீழும் மேலும் சுவிட்ச்.

போன வாரம் போயிருந்தேன். கைப்பிடி இன்னும் வரவில்லை. வெல்டிங் கடையில் வளைவுக்குக் குழாயை வளைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் உட்பக்கமாகச் சவுக்குக் கம்பு கட்டி வைத்திருக்கிறார்கள். தட்டுக்கு நேராக ஜன்னல். அக்கா கம்பைப் பிடித்துக்கொண்டு ஒன்பது ரைசரையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறித் தட்டில் உட்கார்ந்தாள்.

"மேல வாயேன்க்கா, மொட்டை மாடியில மலை நல்லாத் தெரியுது" என்றேன்.

"கைப்பிடி போடட்டும்" என்றாள். "இங்கருந்தே பாதி தெரியுது."